ஐந்து மதிப்பெண் கேள்வியும் நான்கு பிள்ளைகளும்

‘சீமைக் கருவேல மரத்தின் தீமைகள் யாவை?’ ஐந்து மதிப்பெண்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஓர் எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். விடை எல்லோருக்கும் மனப்பாடம். நிலத்தடி நீரை உறிஞ்சும், பக்கத்தில் வேறு செடியை வளர விடாது, கண்மாயை அடைத்துக்கொள்ளும். எழுதினால் ஐந்துக்கு ஐந்து.

முதல் வரிசையில் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வருடம் விதைக்காமல் போட்ட புஞ்சையில் கருவேலம் ஏறி, அதைத் தூரோடு பிடுங்க ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்த வீடு. அவளுக்கு அந்த விடை சொந்த அனுபவம். அவளுக்குப் பின்னால் ஆட்டுக்காரர் வீட்டுப் பையன். சித்திரை வெயிலில் புல்பூண்டெல்லாம் கருகிய பிறகு அவன் ஆடுகளுக்குக் கிடைப்பது கருவேல நெற்றுதான். மூன்றாவது பிள்ளையின் அம்மா தினமும் வெட்டிக் கட்டிச் சுமந்து வருவது கருவேல விறகு. அந்தத் தெருப் பெண்களுக்கு ஊருக்கு வெளியே மறைவென்று இருப்பதும் அந்தப் புதர்தான். நான்காவது பிள்ளையின் அப்பா அம்மா இருவரும் மூட்டம் போடுகிறவர்கள்.

மூட்டம் என்றால் கரிமூட்டம். கருவேலங்கட்டையை அளவாக வெட்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே தீ வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே வெந்தால்தான் கரி. அதனால் நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் ஓடிப்போய் மண்ணை அப்ப வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரளாக வரும். அது கட்டையில் இருக்கிற ஈரம். புகை மெலிந்து நீலம் தட்ட ஆரம்பித்தால் கரி வெந்துவிட்டது என்று கணக்கு. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயத்தை அந்தப் பிள்ளை புகையின் நிறத்தை வைத்தே சொல்லும். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. அது எழுத வேண்டியதெல்லாம் தன் வீட்டுச் சோற்றுக்கு வழியான மரத்தின் தீமைகளைத்தான், ஐந்து மதிப்பெண்ணுக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சீமைக் கருவேலத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்து மரம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்தது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று பிற்பாடு அரசே வறண்ட மாவட்டங்களில் பரப்பியது. கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் அது என்ன பாடு படுத்துகிறது என்பதை ராமநாதபுரத்தில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது எப்படிப் பரவியது, யாருக்கு எதைக் கொடுத்தது, யாரிடமிருந்து எதை எடுத்தது என்பதெல்லாம் சேர்ந்ததுதானே சூழலியல்? நெற்றைத் தின்ற ஆடு போகிற வழியெல்லாம் புழுக்கை போட, அந்தப் புழுக்கையில் விதை முளைக்கிறது. ஆக, அந்தப் பையனின் ஆடுதான் மரத்தையும் நட்டுக்கொண்டு போகிறது. இதைவிட நல்ல பாடத்தை எந்தப் புத்தகம் தந்துவிடும்?

‘பல பண்பாட்டுப் பார்வையில் சூழலியல் கல்வி’ என்று கல்வித்துறை ஆட்கள் பெரிய பெயர் வைத்துப் பேசுவது கிட்டத்தட்ட இதைத்தான். வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சூழலோடுதான் உள்ளே வருகிறது. அந்தச் சூழலுக்கு ஒரு மொழி உண்டு, ஒரு பிழைப்பு உண்டு, பெரும்பாலும் ஒரு மனக்குறையும் உண்டு. பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் 1991ஆம் ஆண்டு சுவாரசியமாக இருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டனில் ஒரு மாநாடு நடந்தது. கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினர் எனப் பலரும் கூடிய முதல் தேசியச் சுற்றுச்சூழல் தலைமை மாநாடு அது. அதற்குப் பின்னால் பத்து வருடக் கோபம் இருந்தது. 1982இல் வடக்கு கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்ந்த ஏழைப் பகுதியில், பிசிபி என்கிற நச்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க முடிவானபோது ஊர் மக்கள் லாரிகளுக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நச்சுக் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதை நிறமும் வறுமையும் முடிவு செய்கின்றன என்ற பேச்சு அங்கிருந்துதான் உரக்கக் கேட்கத் தொடங்கியது. அதுவரை அமெரிக்காவில் சூழலியல் என்றால் பெரும்பாலும் தேசியப் பூங்கா, கரடி, கழுகு. 1991 மாநாடு 17 கோட்பாடுகளை வெளியிட்டது. அதில் பதினாறாவது கல்வியைப் பற்றியது: சமூகப் பிரச்சினையையும் சூழல் பிரச்சினையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும், நம் அனுபவத்திலிருந்தும் பல பண்பாட்டுப் பார்வைகளின் மீதான மதிப்பிலிருந்தும் அதைக் கற்பிக்க வேண்டும் என்கிறது.

சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1991 நவம்பர் 22 அன்று சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், திரையரங்குகளில் சூழல் குறித்த ஸ்லைடுகள் போட வேண்டும் என்று. பிறகு 2003இல், பள்ளிப் பாடத்திட்டத்தை உருவாக்கும் பொறுப்பு, தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கிற என்சிஇஆர்டியிடம் போனது. கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தத் தாளை எழுதிய லட்சக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். முதல் நாள் ராத்திரி புரட்டினாலே தேறிவிடக்கூடிய தாள் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

ஒரே மாதத்துக்குள் இரண்டு நாடுகளில் இரண்டு வழிகள். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் கூடி ‘எங்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொடு’ என்றார்கள். இங்கே நீதிமன்றம் ‘எல்லோருக்கும் கற்றுக்கொடு’ என்றது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த உத்தரவு இல்லாமல் இந்த அளவுகூட நடந்திருக்காது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம் என்று போகும்போது அது யாருடைய சூழலாக இருக்கும் என்ற கேள்வியை அது கேட்கவில்லை. நடைமுறையில் அது நகரத்து நடுத்தர வீட்டின் சூழலாகிப் போனது. குழாயை மூடு. விளக்கை அணை. மரம் நடு. குப்பையைப் பிரித்துப் போடு. எண்ணூரிலோ வியாசர்பாடியிலோ லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளையிடம் ‘பல் தேய்க்கும்போது குழாயை மூடு’ என்றால் அது எந்தக் குழாயை மூடும்? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, வீட்டுக்கு எத்தனை குடம் வந்தது என்று வகுப்பில் ஒரு கணக்குப் போட்டிருந்தால் போதும். யார் சேமிக்கிறார்கள், யார் கொட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். அந்தக் கணக்குக்குப் பிறகு ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று போஸ்டர் வரையச் சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும்.

மரம் நடும் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 5 வந்தால் கன்று நடாத பள்ளி இல்லை. இதே சடங்கை நீலகிரியின் மேட்டு நிலத்தில் செய்தால் என்ன ஆகும்?

அங்கே இயற்கையாக இருந்தது புல்வெளியும், மடிப்புகளுக்குள் ஒடுங்கிய சோலையும். மழை நீரைப் புல்லும் சதுப்பும் பிடித்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கோடையிலும் பவானிக்குத் தண்ணீர் வருவதில் அந்தப் புல்லுக்குப் பங்கு உண்டு. தோடர்கள் அந்தப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள். அவர்களுக்கு எருமைப் பால்மனையே கோயில். அந்தக் கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்பில் வளர்கிற குறிப்பிட்ட புல் வேண்டும். புல்லை அவ்வப்போது எரித்துப் புதுத்துளிர் விட வைப்பதும் அவர்கள் வழக்கம். வந்த வெள்ளைக்காரருக்கு அந்த வெளி மரமில்லாத தரிசாகத் தெரிந்தது. 1843இல் யூகலிப்டஸ் வந்தது. கூடவே வாட்டில் வந்தது. ஊர்க்காரர்கள் முதலாவதைக் கற்பூர மரம் என்றும் இரண்டாவதைச் சீகை என்றும் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை. தோல் பதனிடவும் செயற்கை இழைக்கும் என்று வனத்துறையே தோட்டம் தோட்டமாகப் போட்டது. பக்கத்தில் பழனி மலையில் நடந்த ஆய்வு ஒன்று, 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கணக்கிட்டது. போன இடத்தில் நிற்பவை பெரும்பாலும் மரங்கள்தான்.

ஒரு தோடர் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டு வளர்ந்திருக்கும். ‘மந்து’ என்கிற தங்கள் குடியிருப்பைச் சுற்றி இருந்த புல் எப்படிச் சீகைக்காடாக ஆனது என்று பாட்டி சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளை வகுப்பில் ‘மரம் நட்டால் தண்ணீர் போகும் டீச்சர்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? பாடப்புத்தகம் பச்சையாக எதிர்த் திசையில் நிற்கிறது. பெரும்பாலும் பிள்ளை சொல்லாது. மதிப்பெண் எதற்குக் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அதே மலையில் தோடர் எருமை மேய்த்தார்கள், படகர் வேளாண்மை செய்தார்கள், கோத்தர் இரும்பும் மண்பாண்டமும் செய்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். ஒருவர் பொருளை ஒருவர் வாங்கி வாழ்ந்த ஏற்பாடு அது. ஒரே மலையை நான்கு தொழில் நான்கு விதமாகப் பார்த்தது. சமவெளிப் பாடப்புத்தகத்தில் இவர்கள் எல்லோரும் ‘மலைவாழ் மக்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள், பக்கத்தில் நடனமாடுகிற படம் ஒன்றோடு.

அந்தப் படம்தான் இந்த விஷயத்தில் இருக்கிற பெரிய ஆபத்து. பல பண்பாடு என்றதும் நம் பள்ளிகளுக்கு ஞாபகம் வருவது மாறுவேடப் போட்டி. ஒரு பிள்ளைக்கு இலை தழை கட்டிவிட்டு, கையில் வில்லைக் கொடுத்து, மேடையில் ஏற்றிவிட்டால் பண்பாடு முடிந்தது. எரிச்சலாக இருக்கும். ஆண்டு விழாவில் அந்த வேடம் போட்ட பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உண்மையான இருளர் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம், ‘எலி பிடிக்கிறவன்’ என்ற கேலியைக் கேட்டுக்கொண்டு.

இருளர் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயல் வரப்பில் வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று சொல்கிறவர்கள் அவர்கள். விஷம் வைக்காமல் எலியைக் குறைப்பதற்கு இன்று வேளாண் துறை பயிற்சி வகுப்பு நடத்துகிறது. இவர்கள் புகைமூட்டிப் பிடித்து, வளையில் எலி சேர்த்த நெல்லையும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. சட்டம் சரியான சட்டம்தான். ஆனால் ஒரு சமூகத்தின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. 1978இல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உரிமத்தோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புத் தொல்லைக்காக மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்பைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பத்மஸ்ரீ கிடைத்ததைப் பொது அறிவுக் கேள்வியாக மாற்றுவது சுலபம். ஆனால் வகுப்பில் கேட்க வேண்டியது, பாம்பைக் காப்பாற்றுகிற சட்டம் பாம்பு பிடிக்கிறவரை என்ன செய்தது என்பதை. இப்படிக் கேட்ட பாடப்புத்தகம் ஒன்று நம் நாட்டிலேயே இருந்தது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பிறகு என்சிஇஆர்டி வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில், பாம்பாட்டிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று தன் வீட்டுக் கதையைத் தானே சொல்லும். பாம்பு பிடிக்கத் தடை வந்தபின் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வியும் அதிலேயே வரும். ‘காடு யாருடையது’ என்று ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண் ஒருவர் பற்றிய பாடமும் அதே நூலில் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இது கனம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கனத்தைத் தினமும் தூக்குகிற பத்து வயதுப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பதை அவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு மறுபக்கம் உண்டு. ஊர் அறிவு என்றாலே எல்லாம் சரி, பாட்டி சொன்னதெல்லாம் அறிவியல் என்று மயங்கிவிடவும் கூடாது. இதைச் சொல்ல 2004 டிசம்பர் 26ஐ விடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை சில நிமிடங்களிலேயே வந்தது. சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. அந்த நினைவை அவர்கள் ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லாகக் கதையிலும் பாட்டிலும் வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், ஸ்மோங் என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். மூன்று தலைமுறை தாண்டி அது வேலை செய்தது.

அதே நாளில் தாய்லாந்தின் மைக்காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக் குமிழியிடுவதைப் பார்த்துவிட்டுச் சுனாமி வருகிறது என்று கத்தினாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் பூகோள வகுப்பில் படித்த பாடம் அது. அந்தக் கடற்கரையில் நூறு பேர் வரை தப்பித்தார்கள். ஒரு பக்கம் பாட்டிக் கதை, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பாடம். இரண்டும் உயிரைக் காப்பாற்றின.

நம் கரையில் இரண்டுமே இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மீனவர்களுக்குக் கடல் தெரியாதா? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசை பிரித்துச் சொல்வார்கள். நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கடலடிப் பாறையான பார்களில் எதில் என்ன மீன் கிடைக்கும் என்பதெல்லாம் கைரேகை மாதிரி. கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலுக்குள் இடத்தைக் குறிப்பவர்கள். ஆனால் நினைவுக்கு எட்டிய காலத்தில் இந்தக் கரையில் அப்படி ஓர் அலை வந்ததில்லை. அதனால் அதற்குச் சொல்லும் இல்லை. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை நாம் கற்றுக்கொண்டதே பிணங்களை எண்ணும்போதுதான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. தமிழில் ‘கடல்கோள்’ என்ற சொல் இருந்தது. குமரிக்கோட்டைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புகார் கடலுக்குள் போனதை மணிமேகலை சொல்கிறது. பூம்புகார் அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் அன்றைக்கு இருந்தது. பள்ளிகளில் கடல்கோளைப் படித்தார்கள்தான், தமிழ்ப் பாடத்தில், மொழியின் தொன்மைக்குச் சான்றாக. கடல் உள்வாங்கினால் ஓடு என்று யாரும் அந்தச் சொல்லிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. சிமலூவில் ஒரு சொல் உயிரோடு இருந்தது. நம்மிடம் அது இரண்டாவது பீரியடில் இருந்தது.

பீரியட் என்று சொன்னது வேடிக்கைக்காக இல்லை. கால அட்டவணைதான் நம் பிரச்சினையில் பாதி. ஐந்திணையைப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை’ என்று கருப்பொருளை அடுக்குகிறது தொல்காப்பியம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் ஒரே பட்டியலில். ஒரு நிலத்தின் மரத்தையும் அங்கே வாழ்கிறவரின் வேலையையும் பாட்டையும் பிரிக்க முடியாது என்பதுதானே அதன் பொருள்? அடுத்த பீரியடில் அறிவியல் ஆசிரியர் வந்து ‘சூழ்நிலை மண்டலம்’ என்று கரும்பலகையில் எழுதுவார். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர். அதில் மனிதருக்கு இடமிருக்காது, இருந்தாலும் மாசுபடுத்துகிறவராக இருப்பார். இரண்டும் ஒன்றைத்தான் பேசுகின்றன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்றுக்கு விடை நெய்தல், இன்னொன்றுக்கு விடை கடல் சூழ்நிலை மண்டலம். தாளும் வேறு, மதிப்பெண்ணும் வேறு.

கனடாவில் மிக்மா பழங்குடி மூத்தவர்களான ஆல்பர்ட் மார்ஷல், முர்தீனா மார்ஷல் இருவரும் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் படிப்பு ஒன்றுக்காக 2004இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ‘இரு கண் பார்வை’ என்று அதைச் சொல்லலாம். ஒரு கண்ணால் பழங்குடி அறிவின் பலத்தைப் பார், மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலின் பலத்தைப் பார், இரண்டு கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்து. கேட்க எளிமையாக இருக்கிறது. செய்யும்போதுதான் இரண்டு கண்ணும் இரண்டு விஷயத்தைக் காட்டும். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

சீமைக் கருவேலம் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள், ஆதாரம் இல்லை. இதை ‘ஊர் அறிவு’ என்று தலையில் தூக்கி வைக்க முடியாது, முட்டாள்தனம் என்று சிரித்துவிடவும் கூடாது. மரத்தடியிலும் வெட்ட வெளியிலும் நாலு தொட்டியில் தண்ணீர் வைத்து, எதில் சீக்கிரம் குறைகிறது என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லலாம். ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையில் முளைக்கிறது என்று ஆட்டுக்காரப் பையன் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நாலு புழுக்கையைத் தொட்டியில் புதைத்து எது முளைக்கிறது என்று பார்த்துவிடலாம். மரியாதை என்பது சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு மதிப்பதுதானே?

சாதியைத் தொடாமல் இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கோயில்காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்ற வழக்கத்தைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று கொண்டாடுகிறோம். காடு பிழைத்திருப்பது உண்மை. அந்தக் காட்டுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று அதே வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் பதில் வேண்டும். ‘குப்பையைப் பிரித்துப் போடுவோம்’ பாடம் நடக்கும்போது, அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிறவரின் மகள் மூன்றாவது பெஞ்சில் இருப்பாள். தூய்மை நம் கடமை என்று முழங்கும்போது அவள் யாரை நினைத்துக்கொள்வாள்? ‘புறம்போக்கு’ என்ற சொல்லையே பாருங்கள். வருவாய்க் கணக்கில் அது ஏரி, மேய்ச்சல், தோப்பு என ஊருக்குப் பொதுவாக, தனியார் பட்டா இல்லாமல் கிடந்த நிலம். இன்று அது தெருவில் ஒருவரைத் திட்டும் சொல். ஒரு பொது நிலம் எப்படி வசவாக மாறியது என்ற ஒரு கேள்வியை வைத்து ஒரு மாதம் பாடம் நடத்தலாம்.

எல்லாம் சரி, யார் நடத்துவது? ஆசிரியர்களிடம் பேசினால் முதலில் வருவது சிரிப்புதான். போர்ஷன் முடிக்க வேண்டும். எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும். பசுமைப் படை மன்றம் இருக்கிறதா என்று கேட்டால் பதிவேடு இருக்கிறது என்பார்கள். தர்மபுரிக்காரர் ஒருவர் மாறுதலில் பாம்பன் பக்கம் வந்து சேர்வார். அவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பது நியாயம் இல்லை. ஆனால் அங்கேயேதான் வழியும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் தெரியாத ஆசிரியர், கடல் தெரிந்த முப்பது பிள்ளைகள். ‘எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்’ என்று அவர் ஒரு நாள் சொல்லிவிட்டால் போதும், அந்த வகுப்பு அதற்குப் பிறகு பழையபடி இருக்காது. காற்றின் பெயர்களைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். பத்து வீட்டில் பத்து விதமாக வரும். ஏன் வித்தியாசம் என்று கேட்டால் அது மொழிப்பாடம், பூகோளம், வானிலை எல்லாமாக விரியும். இதற்குப் பணம் தேவையில்லை, நேரம்தான் வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லு’ என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தக் கூடாது. அது மாறுவேடப் போட்டியின் இன்னொரு வடிவம். பிள்ளை தன் சமூகத்தின் பிரதிநிதியாக வகுப்புக்கு வரவில்லை. கேள்வி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், சொல்ல வேண்டியவர் தானாகவே வாயைத் திறப்பார்.

மறுபடி முதுகுளத்தூருக்கே போவோம். 2017 தொடக்கத்தில் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முடுக்கிவிட்டது. ஊரெங்கும் ஜேசிபி. அதே ஆண்டு ஏப்ரலில், போதிய அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டுகிறார்கள் என்று தொடுக்கப்பட்ட வழக்கில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. நீதிபதிகளுக்கே ஒரே விடை கிடைக்காத கேள்வி அது. அந்த எட்டாம் வகுப்பு ஆசிரியர் வினாத்தாளைக் கொஞ்சம் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சீமைக் கருவேலத்தை வெட்டினால் யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போகும்?’

சம்சாரி வீட்டுப் பெண் எழுந்து கண்மாயைச் சொல்வாள். மூட்டக்காரர் பிள்ளை கரி விலையைச் சொல்லும். விறகுக்காரியின் பிள்ளை கேஸ் சிலிண்டர் விலையைச் சொல்லும். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ஆட்டுக்காரர் பையன் கேட்பான்:

“வெட்டிட்டு அங்க என்ன சார் வைப்பாங்க?”